பெனிம், செனின்

"வீட்டைக் காலி பண்றதுக்குத் துருக்கி பாஷைல என்ன சொல்லணும், டீச்சர்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஹம்பிஸ் கேட்டதும் ஃபெரிதே முகத்தைச் சுளித்தாள். ஆட்டு வாடையோடு வந்து உட்கார்ந்து, பூசணி விதை கொறித்துத் தோலைத் தரையில் துப்புகிற மனுஷன். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

லார்னகா நூலகத்து மாடியில் 'மொழி கற்போம், மனம் திறப்போம்' என்று நகராட்சி அட்டை தொங்குகிறது. கிரேக்கர்களுக்குத் தன் மொழியைச் சொல்லிக்கொடுக்க ஃபெரிதே வாராவாரம் வடக்கிலிருந்து எல்லைச் சாவடி தாண்டி வருகிறாள். மற்றவர்கள் நலம் விசாரிக்கப் படிக்கிறார்கள். இவருக்கு மட்டும் வீடு, சாவி, காலி. வேறு வார்த்தையே வேண்டாம்.

"யாரைக் காலி பண்ணப் போறீங்க, ஹம்பிஸ்?" என்று மருந்துக்கடை ஆந்த்ரூலா சீண்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வடக்கேருந்து எக்ரெம்னு ஒருத்தர் வராரு. வீட்டைப் பாக்கணுமாம்."

சண்டையில் தீவு இரண்டானபோது வடக்கே இருந்த கிரேக்கர்கள் தெற்கே ஓடிவந்தார்கள், தெற்கே இருந்த துருக்கியர்கள் வடக்கே போனார்கள். எக்ரெம் விட்டுப்போன வீட்டில்தான் ஹம்பிஸ் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறார். இப்போது சாவடி திறந்ததும் பழைய சொந்தக்காரர்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள். சில வீட்டில் காபி கிடைக்கும், சில வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

"எங்கே, வீட்டைப் பத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றாள் ஃபெரிதே வேண்டாவெறுப்பாக.

"பு எவ் செனின்."

"செனின்னா உன்னோடது. என்னோடதுன்னா பெனிம். 'இந்த வீடு என்னோடது', பு எவ் பெனிம். எத்தனை வாரமா இதே தப்பு?"

"தெரியும், டீச்சர்" என்றார் ஹம்பிஸ், ஒரு தோலைத் துப்பிவிட்டு. "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. நான் உளறினா அவருக்குப் புரியாது."

கருணை வளர்க்க வந்தவளைக் கத்திக்குச் சாணை பிடிக்க வைத்துவிட்டானே, படுபாவி என்று அவள் மனம் கொதித்தது. ஆனாலும் போனாள். அந்த எக்ரெம் தனியாக நின்று அவமானப்பட வேண்டாமே என்றுதான்.

எக்ரெமுக்கு எண்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றார்.

"அந்த மூலை ரூம்லதாம்மா எங்கம்மா செத்துப்போனாங்க. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன். அவருகிட்ட கேட்டுச் சொல்லும்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஹம்பிஸ் வெளியே வந்தார். பழைய கோட்டு, சவரம் செய்த முகம், இறுக மூடிய வலது கை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"பு எவ் செனின்."

பெரியவர் திகைத்து ஃபெரிதேவைப் பார்த்தார். அவள் ஹம்பிஸை அருவருப்போடு பார்த்தாள். திட்டுவதையாவது ஒழுங்காகத் திட்டத் தெரியவில்லை இந்த மனுஷனுக்கு.

"தப்பா சொல்றாருங்க, ஐயா" என்றாள் துருக்கி மொழியில். "பெனிம்னு சொல்ல வந்தாரு. இது அவரு வீடாம். வாங்க, நாம போயிடலாம்."

பெனிம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹம்பிஸ் தலையை ஆட்டி மறுத்தார். படியிறங்கி வந்து, மூடிய கையைத் திறந்து, வீட்டுச் சாவியைப் பெரியவரின் தொப்பிக்குள் போட்டார்.

"செனின்தான், டீச்சர். நான் எப்ப காலி பண்ணணும்னு கேளுங்க."