ஆட்நாவ்

இருபத்தேழாம் எண் முடிந்தது. இன்னும் மூன்று பேரைத் தாண்டினால் அவள்.

செண்பகவல்லி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி மெல்லத் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். சத்தம் வந்தது. தாராவியிலிருந்து மாதுங்கா வரைக்கும் நடந்து வருகிற வழியெல்லாம்கூட அது நன்றாகத்தான் வரும். அவள் பெயரைக் கூப்பிடும்போதுதான் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த வருடம் வகுப்பாசிரியராக வந்த பஞ்சு சார் தலையைத் தூக்காமல் வருகை எடுக்கிறவர். குரல் கேட்டால் ‘பி’, கேட்காவிட்டால் ‘ஏ’. ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அது பொருட்டில்லை.

அவரிடம் போய், “நான் வந்திருக்கிறேன்” என்று சொல்லலாமே என்பீர்கள். அதற்கு வாய் வந்தால் பெயர் கூப்பிடும்போதே சொல்லியிருப்பாளே.

இப்படி, ஒருநாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு வந்த பெண் பதிவேட்டில் முப்பத்தொன்பது நாள் வராதவளாக இருந்தாள். இன்று நாற்பது விழுந்தால் எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு அவளுடைய விண்ணப்பப் பாரம் போகாது. பதினோரு வருடப் படிப்பு ஐந்தெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது: பிரசெண்ட்.

எல்லாம் அந்தக் கடைசிப் பெயரால் வந்த வினை.

வகுப்பில் ஆளுக்கொன்று இருந்தது. அய்யர், முதலியார், பிள்ளை, நாயர், ஜோஷி. பம்பாயில் அது இல்லாமல் எந்தப் பாரமும் பூர்த்தியாகாது.

அறுபதாம் வருடம் எட்டாம் வகுப்பில் சேர்க்க அவளைக் கூட்டிவந்தவர் அப்பா பூதத்தான். ஜன்னலுக்குள் இருந்த மராத்திக்கார குமாஸ்தா, “ஆட்நாவ் காய்?” என்று கேட்டார். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம்.

பூதத்தானுக்கு ஜெயினுலாப்தீன் தோல் கிடங்கில் வேலை. விடிந்தால் ஆட்டுத்தோல், அடைந்தால் ஆட்டுத்தோல். அவர், “தோல்” என்றார். குமாஸ்தாவும் எழுதிக்கொண்டார்.

ஆட்நாவ் என்றதை ஆடு என்று கேட்டுவிட்டாரப்பா மனிதர் என்று பின்னால் நின்ற வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சிரிப்பு வரிசையிலிருந்து வகுப்புக்கு வந்து சேர்ந்தது. வந்தது போகவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் முதல் பெஞ்சில் யாராவது ஒருவன் மூக்கைப் பிடிப்பான். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

கொஞ்ச நாளில் அவளே தன்னை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். குழாயடியில் செங்கல் துண்டை வைத்து முழங்கை எரியும்வரை தேய்த்தாள். டிபன் டப்பாவைத் திறந்தால் வாடை அடிக்குமோ என்று பயந்து, திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். கணக்கில் சரியான விடையை எழுதியிருப்பாள். பக்கத்துப் பெண்ணின் விடை வேறாக இருந்தால் தன்னுடையதை அடித்துவிடுவாள்.

தானே ஒரு தப்பு என்று அவள் நம்பிவிட்டாள்.

“இருபத்தெட்டு.” பிரசெண்ட் சார். “இருபத்தொன்பது.” பிரசெண்ட் சார்.

பெயர் திருத்துகிறவர்கள் இப்போதே திருத்திக்கொள்ளலாம் என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அப்பா கைநாட்டு வைத்தால் போதும். இன்று காலை அதை அவர் முன்னால் வைத்தாள். ஆட்நாவ் என்றால் ஆடு இல்லை, குடும்பப் பெயர் என்று அத்தனை வருட ஆத்திரத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

பூதத்தான் பாவ் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைத்ததைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“ஏளா, ஆட்நாவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருசமா பம்பாயிலதான கெடக்கேன். அந்த எடத்துல நம்ம சாதியத்தான் சொல்லணும். அதச் சொன்னா ஒன்னவிட்டுத் தள்ளி ஒக்காருவானுவ. தோலுன்னா எங்க மொதலாளியும் தோலுதான், நானும் தோலுதான், என்ன சாதின்னு தெரியாது. சிரிப்பானுவ, சிரிச்சிட்டுப் போறானுவன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு, மகள் கேட்டதாயிற்றே என்று கட்டைவிரலை நீட்டினார்.

அவள் தாளை இழுத்துக்கொண்டாள். வரிசையோடு சேர்ந்து தானும் அப்பாவை விவரம் கெட்டவர் என்று நினைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. மற்ற வெட்கமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

“முப்பது.” பிரசெண்ட் சார்.

“முப்பத்தொன்று. செண்பகவல்லி பூதத்தான் தோல்.”

முதல் பெஞ்சில் ஒருவன் மூக்கைப் பிடித்தான். சிரிப்பு கிளம்பியது.

உட்கார்ந்தபடியே சொன்னால் போதும். செண்பகவல்லி எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

“பிரசெண்ட் சார்!”

பஞ்சு சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். பழக்கத்தில் கை ஏற்கெனவே ‘ஏ’ போட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘பி’ என்று எழுதினார்.

முதல் பீரியட் கணக்கு. செண்பகவல்லி பெயர் திருத்தும் தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, அதில் கணக்கைப் போட்டாள்.

பக்கத்துப் பெண்ணுக்கு வேறு விடை வந்திருந்தது.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். தன்னுடையதை அடிக்கவில்லை.