மயில்சாமி தூங்கிய பந்தயம்

ஆயிரம் சிசி வண்டி வாங்கினால், ஓட்டுபவர்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் கையில் துடிப்புப் பட்டை கட்டியாக வேண்டும். அவர் நெஞ்சு படபடத்தால் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துவிடும். சட்டம் அப்படி.

சுபத்ராவின் சிவப்பு வண்டிக்குப் பட்டை கட்டியிருந்தவன் அவள் கணவன் மயில்சாமி. கோவைப் பந்தயத் திடலில் அவள் முந்தும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே வண்டி படுத்துவிடும். மற்றவர்கள் பறந்துவிடுவார்கள்.

“ஏனுங்க, இன்னைக்கு மட்டும் பார்க்காதீங்க.”

“பார்க்கலைன்னாலும் அடிச்சுக்குது கண்ணு. பிரியாணிய ஒரு கட்டு கட்டிட்டுத் தூங்கிடறேன். நீ போய் முறுக்கு!”

அரங்கின் கடைசி வரிசையில் அவன் குறட்டை விட்டான். கீழே வண்டி உறுமியது. நூற்றைம்பது, இருநூறு! வளைவில் அவள் முட்டி தரையை உரசியது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். இத்தனை நாளும் இந்த வண்டிக்குள்ளா இப்படியொரு புலி படுத்திருந்தது? கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். முதலிடம்!

அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அவள் பிரேக்கைத் தொடவேயில்லை. வண்டி தானாகவே தளர்ந்தது. நூறு, ஐம்பது, இருபது.

ஹெல்மெட்டுக்குள் சுபத்ரா சிரித்தாள். மயில்சாமி விழித்துவிட்டான்.