துடைக்காத லென்ஸ்

அந்த அடுக்ககத்தில் சைவம் சாப்பிடுபவர்கள் மட்டுமே குடியிருக்கலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டின் சமையலறைக் கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் கேமரா போகும். உள்ளே கிடப்பது என்ன உணவு என்று அதுவே கண்டுபிடித்து, வாசல் திரையில் அறிவித்துவிடும். அசைவம் என்று வந்தால் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

அன்று சோதனை செய்ய வந்த தேன்மொழி கேமராவை முதலில் ஷைனியின் வீட்டுக் குழாயில் இறக்கினாள். ஷைனி ஆறு மாதக் கர்ப்பிணி. கேமராவை வெளியே இழுத்தபோது லென்ஸில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. திரையில் 'அசைவம்' என்று வந்தது.

"வாய் கேக்குதுக்கா. இந்த வயித்தோட நான் எங்க போய் வீடு தேடுவேன்?" என்றாள் ஷைனி.

"என்ன மீனு?"

"சங்கரா."

"கெளுத்தி வாங்கியிருந்தா செதிலே இருக்காதே. வாங்கறதையாவது பாத்து வாங்கக் கூடாதா?"

ஒவ்வொரு வீட்டுக்குப் பிறகும் லென்ஸைத் துடைக்க வேண்டும் என்பது விதி. தேன்மொழி துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவை அப்படியே அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மதியத்துக்குள் எல்லா வாசல்களிலும் 'அசைவம்' ஒளிர்ந்தது. சங்கச் செயலாளர் தன் வீட்டுத் திரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"மெஷின் கெட்டுப்போச்சும்மா. இந்த மாச ரிசல்ட் யாருக்கும் செல்லாது," என்றார் தேன்மொழியிடம்.

சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஒரே ஒரு தடவதாங்க," என்றாள். "அதுவும் வெறும் முட்டைதான்."