பதினோராம் நம்பர் ஆளைத் தேடுது

"மெஷின்லயா? ஒரு கோளாறும் கிடையாது. நாலு மாசம் முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்ல."

எங்க சட்டைக் கம்பெனிக்கு ஊசி சப்ளை பண்றவர் நம்பல.

"இல்ல மெக்கானிக், போன தடவை வந்தப்ப ஒருத்தரும் அந்தப் பதினோராம் நம்பர் கிட்டயே போகல. இன்னிக்கு ஒரு பொண்ணு ஜம்முனு உட்கார்ந்து தைக்குது. பேயை ஓட்டிட்டீங்களா?"

"பேய்னு யாரும் சொல்லலீங்க. மெஷின் ஆளைத் தேடுதுன்னுதான் பேச்சு."

"யாரைத் தேடுது?"

"இப்ப உட்கார்ந்திருக்கே, அதே பொண்ணைத்தான். காலர் தைக்கிறவ. முதுகுல ஆபரேஷன்னு நாலு மாசம் லீவுல போனா. கம்பெனி சட்டம் தெரியும்ல? வேற ஆள் ஒரு வாரம் நிலைச்சு உட்கார்ந்துட்டா மெஷின் அந்த ஆளுக்கு. பழைய ஆள் வீட்டோட இருக்க வேண்டியதுதான். இவ சம்பளத்துலதான் அங்க அடுப்பே எரியுது."

"அப்புறம்?"

"முதல் ஆள் உட்கார்ந்தா. ஊசி உடைஞ்சுது. ரெண்டாவது ஆளுக்கு நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. மூணாவது ஆளுக்கு விரல்ல குத்திடுச்சு. நாலாவது ஆள் பெடல்ல காலே வெக்கல. 'எனக்குப் புள்ளைக்குட்டி இருக்கு'ன்னு ஓடிட்டா."

ஊசிக்காரர் டீயைக் கீழ வெச்சுட்டார்.

"மேனேஜர் சும்மாவா விட்டார்?"

"விடுவாரா? 'இரும்பைப் பார்த்தா பயம்?'னு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு அவரே உட்கார்ந்தார். பெடலை அமுக்கினார். கரண்ட் போச்சு."

"ஐயையோ!"

"தெரு பூரா போச்சுங்க. ஆனா பழி பதினொண்ணு மேல. அதுலேர்ந்து மனுஷன் அந்தப் பக்கம் போகணும்னா சுத்திக்கிட்டுதான் போவார். என்னைத் தனியா கூப்பிட்டு, 'மெஷின்ல ஏதாவது கோளாறாய்யா?'ன்னார். 'ஒண்ணுமே இல்ல சார்'னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவருக்குக் குப்புனு வேர்த்துடுச்சு."

"நீங்க நம்புனீங்களா?"

"உடைஞ்ச ஊசியைக் குடுத்தாதான் நான் புது ஊசி குடுப்பேன். நோட்டுல இருக்கு. அந்த வாரம் பன்னெண்டாம் நம்பர்ல நாலு ஊசி உடைஞ்சிருக்கு. பதினொண்ணுல ஒண்ணே ஒண்ணு. பன்னெண்டை யாரும் பார்க்கல, அவ்வளவுதான்."

"இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா இதை எடுத்துச் சொல்லல?"

"சொன்னாங்களே, செக்கிங் அக்கா. சாமி, பூதம் எதையும் நம்பாதவங்க. தினமும் சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிச்சுடுவாங்க. 'மெஷின் ஆளைத் தேடுமாடி? நூல் எல்லா மெஷின்லயும்தான் அறும். நீங்க அங்கயே பார்த்துக்கிட்டிருந்தா, அங்க மட்டும்தான் அறுந்த மாதிரி இருக்கும்!' தொண்டைத் தண்ணி வத்தக் கத்துவாங்க."

"பாவம். யாரும் கேக்கலையா?"

"கேக்கல. அவங்க சொல்லச் சொல்லப் பயம்தான் கூடுச்சு. நானும் பாவம்னுதான் நினைச்சேன். போன வாரம்தான் யோசிச்சேன், இதை முதல்ல கிளப்பினது யாருன்னு. காலர் பொண்ணு லீவுல போன மறுநாள், புது ஆள் வந்து உட்காருறா. செக்கிங் அக்கா அவ தோள்ல கை வெச்சு, 'பயப்படாதம்மா. பதினொண்ணு பழைய ஆளைத் தேடும்னு யாராவது சொன்னா நம்பாதே'ன்னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க?"

"அதுவரைக்கும் யாருமே அப்படிச் சொல்லலீங்க."

ஊசிக்காரர் மெதுவா செக்கிங் மேஜைப் பக்கம் திரும்பினார். அக்கா யாரையோ திட்டிக்கிட்டு இருந்தாங்க.

"நேத்து நேராவே கேட்டுட்டேன். சட்டையைத் திருப்பிப் போட்டு நூல் வெட்டிக்கிட்டே சொன்னாங்க: 'நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனாய்யா? இல்லை, இல்லைன்னுதானே நாலு மாசமா கத்தினேன்!'"

"அண்ணே!" பதினொண்ணுலேர்ந்து குரல் வந்துச்சு. "ஊசி உடைஞ்சிடுச்சுண்ணே!"

ஒரு தலைகூடத் திரும்பல.

நான் புது ஊசியை எடுத்துக்கிட்டுப் போனேன்.