விலாங்கு இறங்கும் வழி

பிரேக் கிறீச்சிட்டு ஜீப் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள்.

ரோட்டில் பாம்பு என்றார் டிரைவர் பூபதிராஜா.

எஸ்டேட்டிலிருந்து பீர்மேடு பஸ்ஸுக்கு ஆள் இறக்கும் ட்ரிப் ஜீப் அது. இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவத்தின் முதல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டு சங்கையா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கீழே குதித்தார்.

நிமி ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

முழங்கைப் பருமன். ஏறக்குறைய ஆள் நீளம். தேயிலைக் காட்டு ஓடையிலிருந்து ஏறி, தண்ணீர் வழியும் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு துடுப்பு அசைந்தது.

பாம்புக்கு ஏது துடுப்பு?

அவள் குதித்த வேகத்தில் ஒரு செருப்பு ஜீப்பிலேயே தங்கிவிட்டது. கத்திக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

விலாங்கு.

மீன்களையும் காட்டுயிர்களையும் காப்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் நிமி. இரண்டு மழைக்காலமாக அணைக்கு மேலே இருக்கும் ஓடைகளில் இதைத்தான் தேடினாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. அங்கே விலாங்கு அற்றுப்போய்விட்டது, வேறு தலைப்புப் பார் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இன்று கடைசி வலையையும் சுருட்டிக்கொண்டு, வழியில் இந்த ஜீப்பை மறித்து ஏறினாள்.

உள்ளே அம்மா இருந்தாள்.

நிமி தங்குவது அணையோரத்து மாணவர் விடுதியில். எஸ்டேட் தன் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில்தான் அம்மா; அங்கே போய் மாதக்கணக்கில் ஆகிறது. எங்கே கிளம்பிட்டே என்று கேட்டதற்கு, கம்பத்தில் சித்தி வீட்டுக் கல்யாணம் என்றாள் அம்மா கத்தரீனாள். காலடியில் இரண்டு மூட்டை, மடியில் ஒன்று.

"கல்யாணத்துக்கு வீட்டையே கட்டித் தூக்கிட்டு வாராங்க உங்கம்மா," என்று பூபதிராஜா கிண்டலடித்தார். அம்மா சிரித்துக்கொண்டாள்.

இப்போது அம்மா மடியில் இருந்த மூட்டையை அவிழ்த்து, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கை எடுத்து நிமியிடம் வீசினாள். நிமி அதை நனைத்து விலாங்கின் மேல் போட்டு அமுக்கினாள். சங்கையா கத்தியை வைத்துவிட்டு வாலைப் பிடித்தார். மூன்று தடவை நழுவி, நாலாவது தடவை, நிமி வலைகளோடு கொண்டுவந்திருந்த பெரிய வாளிக்குள் வந்தது.

மழையில் எல்லோரும் வாளியைச் சுற்றி நின்றார்கள்.

இது பிறந்தது கடலில் என்றாள் நிமி. கண்ணாடிச் சில்லு மாதிரி, உடம்புக்குள்ளே எழுத்துப் படிக்கலாம் போல இருந்திருக்கும். விரல் நீளக் குஞ்சாக ஆற்றில் நுழைந்து, அருவிப் பாறையில் ஒட்டி ஒட்டி மலையேறியிருக்கும்.

"கடல்லேருந்தா? நம்ம பூபதி ஜீப்புலயா வந்துச்சு?" என்றார் சங்கையா. கேட்டுவிட்டு அவரே குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

நிமி அதன் கண்ணைப் பார்த்தாள். தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண். பாடத்தில் படித்த கண்தான் அது. ஊர் திரும்பும் காலம் வரும்போது விலாங்கின் கண் விரியும், ஆழ்கடல் இருட்டுக்காக. வயிற்றுப்புறம் வெளுக்கும். அதன் பிறகு இரை எடுக்காது. கடலுக்குப் போய் ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் சாகும்.

வாளித் தண்ணீருக்குள் அந்தக் கண் இப்போதே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே மலையை அடைத்துக்கொண்டு அணை நிற்கிறது. அம்மா கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த வருஷம் கட்டியது. கட்டிய பிறகு ஒரு குஞ்சும் மேலே ஏறியிருக்க முடியாது. அப்படியென்றால் இது அதற்கு முன்பே வந்தது. நிமி பிறப்பதற்கு முன்னால், அவள் பள்ளிக்கூடம் போனபோது, அவளுடைய அப்பாவைப் புதைத்தபோது, எந்நேரமும் இந்தத் தேயிலைக்கு அடியில் ஏதோ ஒரு பொந்தில் இருந்திருக்கிறது.

அவள் வாளியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

போனில் படம் எடுத்தால் போதுமே என்றார் பூபதிராஜா. போதாது. இதன் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கும். மரத்தில் இருப்பதுபோல அதில் வருஷ வளையங்கள். அணையைவிட மூத்தது என்று காட்ட அந்தக் கல் வேண்டும். கல் வேண்டுமென்றால் இதைக் கொல்ல வேண்டும். கொன்றால் ஆய்வு பிழைக்கும், பட்டம் கிடைக்கும். விட்டால் யாரும் நம்பப் போவதில்லை.

பையில் மீனைக் கொன்று பதப்படுத்தும் ஸ்பிரிட் புட்டி இருந்தது. அவள் அதைத் தொட்டாள்.

வாளியின் விளிம்பில் தலையை வைத்து, விலாங்கு மறுபடியும் பள்ளத்தின் பக்கமே திரும்பியது. எந்தப் பக்கம் வாளியைத் திருப்பினாலும் அதே பக்கம்.

புட்டியிலிருந்து கை தானாக நழுவியது.

அணைக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விடணும் என்றாள் நிமி. இரண்டு வருஷ உழைப்பு அந்த வாளியோடு போகிறது.

பூபதிராஜா தயங்கினார். அந்த ரோடு எதிர்ப்பக்கம். சுற்றிப் போனால் கம்பத்துக்குக் கடைசி பஸ் போய்விடும், அம்மா கல்யாணத்துக்கு எப்படிப் போவாங்க என்றார்.

நிமி அம்மாவைப் பார்த்தாள். கத்தரீனாள் வாளியைத் தூக்கித் தன் மூட்டைகளுக்கு நடுவில் அணைத்து வைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் எதுவும் இல்லம்மா. எனக்கு எஸ்டேட் வேலை முடிஞ்சுபோச்சு, லயத்துச் சாவியக் காலையிலேயே ஆபீசுல குடுத்துட்டேன். இந்த ஜீப்புல போற எடம் தெரிஞ்சது இது ஒண்ணுதான், மொதல்ல இத எறக்கி விடுவோம்."