பெருவிரல் தடம்

ஆதிமனிதர் தீ மூட்டிய தடத்தைத் தேடிக்கொண்டிருந்தார் தொல்லியல் ஆய்வாளர் ஞானாபரணம். ஆவடி அகழாய்வுக் குழியின் அடியில் கிடைத்த, பல்லாயிரம் ஆண்டுப் பழைய சுட்ட மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க, தன் கரையான்சாவடி வீட்டுக் கொல்லையில், வேலைக்கு வரும் கன்னியம்மாளை மண் அடுப்புப் போடச் சொல்லி எரித்தார். ஒவ்வொரு அடுப்பின் வாயிலும் அவள் பெருவிரலை அழுத்துவாள்.

"இல்லாங்காட்டி நெருப்பு நிக்காது சார்."

பழைய மண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அதிலும் ஒரு பெருவிரல் தடம். எரித்த அடுப்பில் பதிந்த தடத்தோடு ஒப்பிட்டார்; சுழியும் ரேகையும் அப்படியே அவளுடையவை. குறுக்கே ஒரு வெட்டு மட்டும் கூடுதல். ஓடிப்போய் அவள் விரலைப் பார்த்தார். வெட்டு இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் அவள் விரலில் துணி சுற்றியிருந்தது.

"மீன் அரியச்சொல்லோ அருவாமணை கிழிச்சிடுச்சி சார்."

"அடுப்பு வேண்டாம் கன்னியம்மா!" என்று கத்தினார்.

அவள் அதற்குள் துணியை அவிழ்த்துவிட்டு, ஈர மண்ணில் விரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.