இருநூறு கிலோவுக்கு மேல்

எட்டாவது மணல் மூட்டையை இன்ஸாப் பலகையில் வைத்ததும் இறக்கை இன்னும் ஒரு சாண் வளைந்தது.

முறியவில்லை.

பூனாகலைத் தோட்டத்து மைதானத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

காற்றாலைக்கான மூன்று மீட்டர் இறக்கை அது. அதன் அடிப்பக்கத்தை இரும்புத் தாங்கியில் முடுக்கி, நுனிப்பக்கம் கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மொத்தம் இருநூறு கிலோ. எந்த ஆடிக் காற்றும் அவ்வளவு சுமையைத் தராது என்று ஷஹீலா கணக்குப் போட்டிருந்தாள்.

பண்டாரவளையில் சின்னப் பட்டறை நடத்தும் எஞ்சினியர் அவள். இன்ஸாப் அவளிடம் வேலை செய்பவன்.

மேட்டில் கோபுரம் ஒரு வருஷமாக இறக்கை இல்லாமல் நின்றது. அதனால் தண்ணீர் மோட்டரும் ஓடவில்லை. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து கேன்களில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபாஜினி முன்னால் வந்தாள். லயத்தில் சட்டை தைத்துக் கொடுப்பவள். கைதட்டாத ஒரே ஆளும் அவள்தான்.

இறக்கை செய்து மிஞ்சி மேசையில் கிடந்த கண்ணாடி நார்த் துணியின் துண்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

“இதக் கிராஸ்ல, மூலவாட்டுல வெட்டியிருக்கீங்களே மிஸ். கிராஸ்ல வெட்டுனா துணி இழுபடுமே?”

ஷஹீலா அந்தத் துண்டின் நூல்களை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“ஒரு அடுக்கு நேரா, அடுத்த அடுக்கு கிராஸ்ல வச்சிருக்கேன் அக்கா. பசை காஞ்சு இறுகிட்டா இழுபடாது. காத்து எந்தப் பக்கம் முறுக்குனாலும் ஒரு நூல் இழுத்துப் புடிச்சுக்கும்.”

“முந்தி செஞ்சதுல?”

“முந்தி எல்லாத்தையும் நேரா மட்டும்தான் வச்சேன். அது என் பிழை.”

சுபாஜினி துண்டைக் கீழே வைத்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேரே போய் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“ஐயோ அக்கா, எறங்குங்க! இருநூறு கிலோதான் கணக்கு!”

“காத்து ஒங்க கணக்கப் பாத்தா அடிக்கும்?”

கயிறு கிறீச்சிட்டது. பலகை தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறங்கியது. இன்ஸாப் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

“சோறு தின்னுட்டு வந்திருக்கலாம்டி!” என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள். மைதானமே சிரித்தது.

சுபாஜினி ஒருமுறை எம்பி உட்கார்ந்தாள். இன்னொரு முறை. மூன்றாவது முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஷஹீலா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மறுபடி திறந்தபோது சுபாஜினி தரையில் நின்று சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஷஹீலா இறக்கையை அடியிலிருந்து நுனிவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“பேனா குடுங்க மிஸ்” என்றாள் சுபாஜினி.

கோபுரத்தில் மறுபடி இறக்கை மாட்ட, தோட்டத்தின் அந்த டிவிஷனில் எல்லாக் குடும்பங்களும் சம்மதிக்க வேண்டும். எழுபத்திரண்டு குடும்பங்கள் தைப்பொங்கலுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டன. சம்மதக் கடிதத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் காலியாகக் கிடந்தது.

அதில் சுபாஜினி தன் பெயரை நிதானமாக, முழுதாக எழுதினாள்.

போன ஆடியில் பழைய இறக்கை முறிந்து பறந்து, கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு அவளுடைய அடுப்படிக்குள் இறங்கியபோது, அவள் தேத்தண்ணிக்குச் சீனி வாங்க அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள்.